சிகிச்சை நடக்கிறது, பேச்சு நின்றுவிட்டது: தம்பதியாக மனநல ஆலோசனைக்குப் போகலாமா?

கேள்வி – தக்கலை வாசகி

அனைவருக்கும் வணக்கம். இந்தக் குழுவில் இரண்டு ஆண்டுகளாக வாசிப்பவளாக மட்டுமே இருந்துவருகிறேன். எழுதுவது இதுவே முதல் முறை. எனக்கு வயது 33, என் கணவருக்கு 38. திருமணமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவற்றில் முதல் நான்கு ஆண்டுகள் அவர் சவுதி அரேபியாவில் இருந்தார். ஆண்டுக்கு ஒருமுறை நாற்பது நாள் விடுப்பில் வருவார். அதிலும் பாதி நாள்கள் உறவினர் வீட்டு விருந்துகளிலேயே கழிந்துவிடும். அவர் விமானம் ஏறிய மறுவாரமே மாமியாரும் அக்கம்பக்கத்தாரும் "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

பிறகு அவர் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்து பிளம்பிங் சாமான் கடை வைத்தார். ஓராண்டு பொறுத்திருந்து மருத்துவரிடம் சென்றோம். என் பரிசோதனைகளில் குறை எதுவும் தெரியவில்லை. அவருடைய விந்தணு எண்ணிக்கை ஒரு மில்லிலிட்டருக்கு 40 லட்சம் என்று வந்தது. சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோதும் ஏறக்குறைய அதே அளவுதான். ஒரு விந்தணுவை முட்டைக்குள் நேரடியாகச் செலுத்திக் கரு உண்டாக்கும் இக்சி முறையே பொருத்தம் என்றார்கள். சென்ற ஆவணியில் முதல் சுற்றுச் சிகிச்சை முடிந்தது. பதினான்காம் நாள் இரத்தப் பரிசோதனையில் கரு தங்கவில்லை என்று தெரிந்தது.

இதற்கு மேல் எழுதுவதற்குத்தான் தயக்கமாக இருக்கிறது. அவருடைய ரிப்போர்ட் வந்த அன்று அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், மாமியாரிடம் "எனக்குத்தான் நீர்க்கட்டி இருக்கிறதாம்" என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்லும்படி யாரும் கேட்கவில்லை, நானாகவே சொன்னேன். அன்று முதல் எல்லாக் கஷாயமும், எல்லா விரதமும், நாகராஜா கோயிலில் நாகச் சிலைகளுக்குப் பாலும் மஞ்சளும் இடுவதும் எனக்கென்று ஆகிவிட்டன. அவர் இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். தடுப்பதும் இல்லை, என்னிடம் அதைப்பற்றிப் பேசுவதும் இல்லை. ஆவணிக்குப் பிறகு காலை ஏழு மணிக்கே கடைக்குப் போய்விடுகிறார், இரவு ஒன்பதரைக்கு வருகிறார். இரண்டாம் சுற்றுக்குப் பணம் புரட்டிவிட்டோம். ஆனால் அதைப்பற்றி நாங்கள் இருவரும் முழுதாக ஐந்து நிமிடம் பேசியதில்லை.

தம்பதியாக மனநல ஆலோசனைக்குப் போகலாம் என்று சொன்னேன். "எனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். எனவே உங்களிடம் கேட்கிறேன். ஆலோசனை என்று போய் உட்கார்ந்தால் உண்மையில் என்ன நடக்கும்? சிகிச்சை பெற்ற இடத்தில் ஒரு செவிலியர், "நீங்கள் ரொம்ப டென்ஷன் ஆகிறீர்கள், அதனால்தான் ஒட்டவில்லை" என்றார், அது உண்மையா? ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்குப் போனால் ஊரில் தெரிந்துவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது.

மறுமொழி 1 – மார்த்தாண்டம் அக்கா

தங்கைக்கு அன்பு. எனக்கு 46 வயது. மூன்று சுற்று ஐ.வி.எஃப். செய்து மூன்றும் பலிக்காதவள் நான். உங்கள் கேள்விகளுக்கு மருத்துவம் தெரிந்தவர்கள் பதில் சொல்லட்டும்; வீட்டுக்குள் நடப்பதைப் பற்றி நான் எழுதுகிறேன்.

முதலில் அந்த ஆறு ஆண்டுக் கணக்கை மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள். பாதுகாப்புச் சாதனம் எதுவுமின்றிச் சேர்ந்து வாழ்ந்து 12 மாதங்கள் ஆகியும் கரு உண்டாகாவிட்டால்தான் மருத்துவத்தில் அதைக் குழந்தையின்மை என்கிறார்கள். ஊர் உங்கள் கல்யாணத் தேதியிலிருந்து எண்ணுகிறது. மருத்துவர் உங்கள் கணவர் நிரந்தரமாக வந்து இறங்கிய தேதியிலிருந்து எண்ணுகிறார். வளைகுடாவுக்கு ஆண்களை அனுப்பிவிட்டு அவர்கள் மனைவிமாரிடம் ஆண்டுக்கணக்குக் கேட்பது நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் பழகிப்போன ஒரு கொடுமை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழகத்திலேயே முதலிடத்தில் நின்ற மாவட்டம் இது. அந்தப் படிப்பு இந்த ஒரு கேள்வியின் வாசலோடு நின்றுவிட்டது.

அடுத்து, அந்தப் பதினான்கு நாள்கள். ஊசிகளும் ஸ்கேனும் நடக்கும்போது தினமும் ஒரு வேலை இருக்கும், யாராவது ஒருவர் ஏதாவது சொல்வார்கள். கருவை உள்ளே வைத்த பிறகு சட்டென்று எல்லாம் அமைதியாகிவிடும், நாம் தனியாகிவிடுவோம். அவர்கள் கொடுக்கும் புரோஜெஸ்டிரோன் மருந்தே மார்பு வலி, வயிறு உப்பல், சோர்வு என்று கர்ப்பத்தின் அறிகுறிகளையெல்லாம் கொண்டுவந்துவிடும். உடம்பு நம்மிடம் பொய் சொல்வதுபோல இருக்கும். இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. முதல் சுற்றில் ஒன்பதாம் நாளே குழந்தைக்குப் பெயர் யோசித்துவிட்டேன். முடிவு வந்தபோது நான் என் கொழுந்தியின் வளைகாப்பு வீட்டில், பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தேன். கைபேசியை மடித்து இடுப்பில் செருகிவிட்டுச் சாம்பார் ஊற்றினேன். பத்து ஆண்டுக்கு மேலாகிறது, இன்றும் அந்த வாளியின் கனம் கையில் இருக்கிறது.

மூன்றாம் சுற்றுக்கு முன்புதான் நாகர்கோவிலில் ஓர் ஆலோசகரிடம் போனேன், அதுவும் தனியாக. என் கணவர் நான்காம் முறைதான் வந்தார். அங்கே மந்திரம் எதுவும் நடக்கவில்லை. முடிவு வரும் நாளில் தொலைபேசியை யார் எடுப்பது, அப்போது நாங்கள் எங்கே இருப்பது, எந்த உறவினருக்கு எப்போது சொல்வது, அந்த மாதம் எந்த விசேஷ வீட்டுக்குப் போகாமல் இருப்பது என்பதையெல்லாம் முன்கூட்டியே முடிவுசெய்ய வைத்தார். இந்தச் சுற்றும் பலிக்காவிட்டால் அதற்கு மேல் போவோமா என்பதையும், கையில் ரிப்போர்ட் இல்லாத ஒரு சாதாரண நாளில், நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசும்படி செய்தார். மூன்றாம் முறையும் பலிக்கவில்லை. ஆனால் அன்று நாங்கள் இருவரும் முட்டம் கடற்கரையில் இருந்தோம். பந்தியில் இருந்ததற்கும் அதற்கும் எவ்வளவு வேறுபாடு என்பதை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் சொன்ன பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை. அதைப் பாசத்தில் சொன்னீர்கள் என்பது புரிகிறது. ஆனால் அதன் பாரம் உங்கள் தலையில் இருப்பதைப் போலவே அவர் தலையிலும் இருக்கிறது. மாமி உங்களுக்குக் கஷாயம் நீட்டும் ஒவ்வொரு முறையும் அவர் குற்றவாளியாகிறார். அந்தக் குற்ற உணர்வோடு உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் காலை ஏழு மணிக்குக் கடையைத் திறக்கிறாரோ என்று எனக்குத் தோன்றுகிறது.

மறுமொழி 2 – குலசேகரம் ரப்பர்

சகோதரி, இதை உங்கள் கணவருக்காக எழுதுகிறேன். விருப்பமிருந்தால் அவரிடம் காட்டுங்கள்.

எனக்கு எண்ணிக்கை பூச்சியம். 40 லட்சம் என்ற எண்ணைப் பார்த்தபோது ஒரு கணம் பொறாமையாகக்கூட இருந்தது; இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கையேட்டில் மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் என்பதைக் கீழ் வரம்பாகக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குக் குறைந்தால் குழந்தையே பிறக்காது என்று அதற்குப் பொருளில்லை, கூடினால் பிறந்தே தீரும் என்பதும் இல்லை. இக்சியில் ஒரு முட்டைக்கு ஒரு நல்ல விந்தணு போதும். இதையெல்லாம் மருத்துவர் உங்களுக்கும் சொல்லியிருப்பார். ஆனால் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிய ஆணின் காதில் எதுவும் விழாது என்பதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். அந்தத் தாளில் இருப்பது ஒரு சுரப்பியின் கணக்கு. நான் அதை என் ஆண்மையின் மதிப்பெண்ணாகப் படித்தேன்.

சிகிச்சை நடக்கும் இடங்களும் அதற்கு ஏற்றாற்போலவே இருக்கின்றன. ஃபைல் மனைவியின் பெயரில், கூப்பிடுவது மனைவியின் பெயரை, மருந்து விவரம் சொல்வது மனைவியிடம். கணவனை அழைப்பது பணம் கட்டவும், ஒரு சிறு அறைக்குள் டப்பாவோடு அனுப்பவும்தான். வெளியே வரிசையில் பத்துப் பேர் அமர்ந்திருக்க, அந்தக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவதைப்போல வெட்கக்கேடு வேறு எதுவும் என் வாழ்நாளில் நடந்ததில்லை. மனைவி அழுதால் சுற்றிலும் பத்துப் பேர் தேற்றுவார்கள். எனக்கு வந்த ஒரே ஆறுதல், தோட்டத்தில் பால் வெட்டும் ஓர் அண்ணன் சொன்ன "விடு, மக்களே" என்ற இரண்டு சொல்தான். அவருக்கும் விஷயம் தெரியாது. முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

நான் அப்போது செய்த தவறு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஜிம்மில் ஒருவர் சொன்னார் என்று "ஆண் ஹார்மோன்" ஊசி போட்டுக்கொண்டேன். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் செலுத்தினால் உடல் தன் சொந்த உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும், விந்தணு மேலும் குறையும் என்று பின்னர் மருத்துவர் தலையில் அடித்துக்கொண்டார். உங்கள் கணவர் கடையில் அமர்ந்து கைபேசியில் தேடி ஏதாவது வாங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விந்தணு உருவாகி முதிர்வதற்கு ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஆகும் என்பதால், புகையையோ மதுவையோ நிறுத்திய மறுவாரமே மாற்றம் தேடுவதிலும் பயனில்லை.

எங்களுக்குள் பேச்சு எப்படித் திரும்பியது என்று கேட்டால், நேருக்கு நேர் உட்கார்ந்து அல்ல. திருவனந்தபுரத்துக்குச் சிகிச்சைக்காகக் காரில் போவோம். களியக்காவிளை தாண்டும்வரை ரேடியோ, அதன் பிறகு ஒருநாள் அவள், என் முகத்தைப் பார்க்காமல், சாலையைப் பார்த்துக்கொண்டே, "உங்களுக்கு என்மேல் கோபமா?" என்று கேட்டாள். அவளுக்குத்தான் என்மேல் கோபம் என்று ஓராண்டாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆண்களிடம் இந்தப் பேச்சைப் பக்கவாட்டில் தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. ஆலோசகரிடமும் முதலில் "எனக்குத் தூக்கம் வருவதில்லை" என்று சொல்லித்தான் உள்ளே போனேன். அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

மறுமொழி 3 – வடசேரி

இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. ஆண்டவன் கொடுக்கும்போது கொடுப்பார். மனம் விட்டுப் பிரார்த்தித்தால் கவுன்சலிங் எதற்கு?

மறுமொழி 4 – உளவியலாளர், நாகர்கோவில்

வணக்கம். இத்துறையில் பணிபுரிபவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்களை நேரில் பார்க்காததால் பொதுவாகவே சொல்ல முடியும்.

அந்தச் செவிலியரின் சொல்லிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என்னிடம் வரும் பெண்களில் பலர் அந்த ஒரு வாக்கியத்தைச் சுமந்துகொண்டுதான் வருகிறார்கள். சிகிச்சைக்கு முன் ஒரு பெண்ணுக்கு இருந்த பதற்றமும் மனச்சோர்வும் அந்தச் சுற்றில் கரு உண்டாவதைப் பாதிக்கின்றனவா என்பதை, 14 ஆய்வுகளையும் அவற்றில் இடம்பெற்ற 3583 பெண்களையும் ஒன்றுசேர்த்துப் பார்த்த பகுப்பாய்வு ஒன்று 2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. பாதிப்பதாகத் தெரியவில்லை என்பதே அதன் முடிவு. கரு தங்காமல் போவதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று, அந்தக் கருவின் குரோமோசோம்களிலேயே இருக்கும் பிழை. நீங்கள் அழுததோ, ஸ்கூட்டரில் போனதோ, மாமியாரோடு மனத்தாங்கல் கொண்டதோ அதைச் செய்யவில்லை. "டென்ஷன் ஆகாதே" என்பது கேட்பதற்கு அக்கறையாக இருந்தாலும், தோல்விக்கான பொறுப்பை ஏற்கெனவே நொந்துபோனவர் தலையில் வைத்துவிடுகிறது. அதன் பிறகு அவர் பதற்றப்படுவதற்கே பதற்றப்படுகிறார்.

அப்படியானால் ஆலோசனை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கரு உண்டாக்குவதற்கு அல்ல. உண்டானாலும் உண்டாகாவிட்டாலும் இருக்கப்போகிற உங்கள் இருவருக்காக. குழந்தையின்மையோடு போராடும் பெண்களின் மனத்துயர் புற்றுநோயாளிகளின் துயரை ஒத்த அளவில் இருப்பதாக 1993இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. புற்றுநோய் வந்த வீட்டில் உறவினர் கஞ்சி கொண்டுவருவார்கள். இந்தத் துயருக்கு அறிவுரை கொண்டுவருகிறார்கள். ஒவ்வொரு மாதமும் ஓர் இழப்பு, ஆனால் துக்கம் கேட்க யாரும் வராத இழப்பு. ஆலோசனை அறையின் முதல் வேலை அதை இழப்பு என்று பெயர் சொல்லி ஒத்துக்கொள்வதுதான்.

அதற்குப் பிறகு நடப்பது ஆளுக்கு ஆள் மாறும். "நான் எதற்கும் உதவாதவள்" என்பதுபோல மனத்தில் தானாக எழும் எண்ணங்களைப் பிடித்து, அவற்றுக்கு ஆதாரம் உண்டா என்று சோதிக்கப் பழக்குவோம். தம்பதியிடையே பெரும்பாலும் நான் காண்பது வேகத்தில் உள்ள முரண்: ஒருவருக்கு இதைப்பற்றி நாளெல்லாம் பேச வேண்டும், மற்றவருக்குப் பேச்சை எடுத்தாலே மூச்சு முட்டும். அத்தகையவர்களுக்கு நாளுக்கு இருபது நிமிடம் என்று எல்லை வைப்பேன். அந்த இருபது நிமிடம் இதைப்பற்றிப் பேசியே ஆக வேண்டும். அது முடிந்தால் இதைப்பற்றிப் பேசக் கூடாது. முதல் விதி ஒருவருக்கு உதவும், இரண்டாவது விதி மற்றவருக்கு. உங்கள் வீட்டில் இரண்டாவதைச் சொல்லி அவரை அழைத்தால் வருவதற்கு வாய்ப்பு அதிகம்.

மார்த்தாண்டம் சகோதரி அந்தப் பொய்யைப் பற்றி எழுதியதை ஏற்கிறேன், ஒரு சிறு திருத்தத்தோடு. அதைத் திரும்பப் பெறுவதா, யாரிடம் சொல்வது என்பதை நீங்கள் தனியாக முடிவு செய்யாதீர்கள். அவருடைய ரிப்போர்ட் அவருக்குரியது. இருவரும் பேசி, "இருவருக்கும் சேர்த்துச் சிகிச்சை நடக்கிறது, விவரத்தை நாங்களே வைத்துக்கொள்கிறோம்" என்று அவர் வாயாலேயே மாமியாரிடம் சொல்வதற்கும் இடமிருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் மகன் சொன்னால் கஷாயம் நின்றுவிடும்.

எங்கே போவது என்பதற்கு: 2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்ப உதவி ஒழுங்குமுறைச் சட்டம், சிகிச்சையின் விளைவுகளையும் வெற்றி வாய்ப்பையும் பற்றித் தம்பதிக்கு முறையான ஆலோசனை வழங்குவதைச் சிகிச்சை மையங்களின் கடமையாக்கியிருக்கிறது. ஆகவே இரண்டாம் சுற்றுக்கு முன்பு உங்கள் மையத்தில் ஆலோசகரைச் சந்திக்க நேரம் கேளுங்கள். அது சலுகை அல்ல. நடைமுறையில் அந்தச் சந்திப்பு சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குவதோடு முடிந்துவிடுவதும் உண்டு என்பதால், வெளியில் ஒருவரையும் பார்ப்பது நல்லது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் கட்டணமின்றிப் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட ஒன்றிய அரசின் சேவை அது. உங்கள் கணவருக்கு முதல் படியாக அதுவே எளிது, அங்கே முகம் தெரியாது. ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சத்துக்கு: 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உயிருக்கோ பிறர் பாதுகாப்புக்கோ ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் தவிர, உங்கள் விவரத்தை மருத்துவமனை வெளியிடக் கூடாது.

ஒன்றில் மட்டும் காத்திருக்க வேண்டாம். இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் போனாலோ, வாழ்ந்து பயனில்லை என்ற எண்ணம் இருவரில் யாருக்கு எழுந்தாலோ, ஆலோசனையோடு நிறுத்தாமல் மனநல மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். அவர் மருந்து தந்தால் அதைச் சிகிச்சை மையத்திலும் தெரிவியுங்கள்; கரு உண்டாகிவிட்டது என்று மருந்தை நீங்களாகவே திடீரென்று நிறுத்த வேண்டாம்.

வடசேரி நண்பருக்கு: என்னிடம் வருபவர்களில் பலர் பிரார்த்தித்துவிட்டுத்தான் வருகிறார்கள். நான் தடுத்ததில்லை.

மறுமொழி 5 – மார்த்தாண்டம் அக்கா

வடசேரி அண்ணனுக்கு நானும் ஒன்று சொல்கிறேன். கோட்டாறு சவேரியார் கோயிலில் நான் முழங்காலிட்ட அளவுக்கு இந்தக் குழுவில் யாரும் முழங்காலிட்டிருக்க மாட்டார்கள். எங்கள் பங்கின் அன்பியம் என்ற சிறு செபக்குழுவில் எனக்காகச் செபித்தார்கள், அது பலமாக இருந்தது. அதே கூட்டத்தில் ஒருவர் "தத்தெடுத்துப் பார், உனக்கே பிறக்கும்" என்றும் சொன்னார். ஒரு குழந்தையை மருந்தாக வாங்கிவரச் சொல்வது எனக்கு இன்றும் கூசுகிறது. நாங்கள் பின்னாளில், துயரம் ஓரளவு அடங்கிய பிறகு, தத்தெடுத்தோம். கிறிஸ்தவர்களுக்குச் சட்டப்படி முழுத் தத்தெடுப்பு இல்லை, பாதுகாவலராக மட்டுமே இருக்க முடியும் என்று பலர் பயமுறுத்தினார்கள். அது பழைய கதை. சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் எந்த மதத்தவரும் முழுமையாகத் தத்தெடுக்கலாம். தங்கைக்கு அது இப்போது தேவைப்படாத செய்தி. பின்னால் வாசிக்கும் யாருக்காவது உதவட்டும்.

மறுமொழி 6 – தக்கலை வாசகி

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத எட்டு நாள் ஆகிவிட்டது.

குலசேகரம் அண்ணன் எழுதியதை நான் அவரிடம் காட்டவில்லை. கணக்கு எழுதுவதற்காக அவர் என் கைபேசியை வாங்கியபோது இந்தப் பக்கம் திறந்தே கிடந்திருக்கிறது. வெகுநேரம் படித்தார் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. அன்றிரவு கதவைத் தாழிடும்போது, முதுகைக் காட்டிக்கொண்டே, "அந்த ஜிம் ஊசியை நான் போடவில்லை" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "சரி" என்றேன். பிறகு, "நீர்க்கட்டி என்று அம்மையிடம் ஏன் சொன்னாய்?" என்று கேட்டார். ஏறக்குறைய ஓராண்டுக்குப் பிறகு வந்த கேள்வி. இருபது நிமிடம் என்ற எல்லையெல்லாம் அன்று நாங்கள் பார்க்கவில்லை.

மாமியாரிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. நேற்றுக் காலை அவர் கஷாயம் கொண்டுவந்தபோது, "அதை இங்கே வையுங்கள் அம்மை, இரண்டு பேருக்கும்தான் சிகிச்சை" என்று சொல்லி இவர் வாங்கிக் குடித்துவிட்டார். மாமியார் ஒன்றும் கேட்கவில்லை. குடித்தவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குத்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை.

14416இல் நான் ஒருமுறை பேசினேன். வரும் வியாழக்கிழமை நாகர்கோவிலில் ஓர் ஆலோசகரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன், காலை பதினொன்றரைக்கு. அவர் வருகிறேன் என்று சொல்லவில்லை. வியாழக்கிழமை கடையை யார் பார்த்துக்கொள்வது என்று மட்டும் கேட்டார்.